நான் நிறுத்திய தறி

1

இன்றோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஒன்பது வருடம் முடிகிறது. வருடா வருடம் இந்தத் தேதியில் என் மனைவி கோமதி கேசரி கிண்டுவாள். இன்று ரவை டப்பாவை எடுத்தாள். திறந்து பார்த்தாள். மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவள் நர்ஸ்.

எங்கள் மகள் கயல்விழிக்குப் பதினாறு வயது. பத்தொன்பது நாளாக எங்கள் கண்ணில் படாமல் மாடி அறையிலேயே இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகவில்லை. கதவுக்கு வெளியே தட்டை வைத்தால் பாதி சாப்பிட்டுத் திருப்பி வைக்கிறாள். நாங்கள் இல்லாத நேரம் குளிக்கிறாள். குளியலறைத் தரை ஈரமாக இருந்தால், குளித்திருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

காரணம் நான். நாளை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னொரு தடவை மேடை ஏறலாம். போடாவிட்டால் அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் மாடசாமி என்று ஒரு சிநேகிதன். பதினோரு வருடம் ஒரே கொட்டகையில் தறி ஓட்டினோம். அவன் மருமகன் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்துகிறான். அதற்கு வெளிநாட்டு வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி மாடசாமி போனில் நச்சரித்தான்.

“ஏலே, பனி பெய்றது, வெள்ளக்காரன் சாப்பாடு, அப்பிடி எதாச்சும் எழுதுலே. அழுகாச்சி வேண்டாம். அத நாங்க இங்கயே வச்சிருக்கோம்.”

பனியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. பெய்யும். வழுக்கும். நான் எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததைத்தான் எழுதத் தெரியும்.

2

என் பெயர் கருப்பசாமி. இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் குடும்பப் பெயராக விழுந்துவிட்டது. அதனால் நான் மிஸ்டர் முத்தையா. ஊரில் என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. இங்கே பதினெட்டு வயதுப் பையன் முத்தையா, டிராலியைத் தள்ளு என்கிறான். தள்ளுகிறேன்.

மகளுக்கு என் பெயர் குடும்பப் பெயர். அவள் கயல்விழி கருப்பசாமி. நான் கருப்பசாமி முத்தையா. எந்த அலுவலகம் போனாலும் முதல் கேள்வி, இந்தப் பிள்ளை உங்கள் பிள்ளைதானா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தாள். அங்கே வாங்கிய பிறப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கோட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் அதை எத்தனை பேருக்கு நீட்டினேன் என்று கணக்கில்லை. நீட்டும்போதெல்லாம் திருட்டு மாட்டை ஓட்டி வந்தவன் மாதிரி இருக்கும்.

வேலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். விரிப்பும் போர்வையும் வரும். துவைத்து, காயவைத்து, மடித்து அனுப்ப வேண்டும். எப்போதாவது ஸ்டோர் ரூம் பக்கம் போனால் பேண்டேஜ் சுருளை எடுத்து விரலால் தேய்த்துப் பார்ப்பேன். அந்தத் துணியைத்தான் நான் ராஜபாளையத்தில் நெய்தேன். ஊரில் இருந்தபோது, இதை யார் உடம்பில் சுற்றுவார்கள் என்று நினைத்ததே இல்லை.

3

தறிக்கொட்டகைக்குள் நிற்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது. ஆளுக்கு நாலு தறி. அத்தனையும் ஓடும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் கையால் பேசுவோம். இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. கையைக் கீழே இழுத்தால் தறியை நிறுத்து. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசினால் முடிச்சுப் போட்டாச்சு. கையை முன்னால் தள்ளினால் ஓட்டு. உள்ளங்கையைக் காட்டினால் இரு. காதைத் தொட்டால் விளங்கிவிட்டது.

இதில் யோசனைக்கு இடம் கிடையாது. எதிரே உள்ளவன் நிறுத்து என்று காட்டினால் கை தானாக நிறுத்திவிடும். பிறகுதான் ஏன் என்று பார்ப்போம். முதலில் ஏன் என்று பார்த்தால் துணி பாழ். சில சமயம் விரலும் போகும்.

கயல் சின்னதில் கோமதியோடு எனக்குச் சாப்பாடு கொண்டு வருவாள். வாசலில் நின்றே கைப்பேச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயதில், வீட்டில் சோறு வேண்டாம் என்றால் கையைக் கீழே இழுப்பாள். மாடசாமி சிரிப்பான்.

“ஏட்டி, இன்னும் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள மேஸ்திரி ஆயிட்டியா?”

இங்கே வந்த முதல் வருடம் அவளுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நான் நிற்பேன். ஒரு நாள் வகுப்பில் எழுப்பி ஏதோ கேட்டிருக்கிறார்கள். கட்டை மாதிரி நின்றுவிட்டாள். பொறவு இடைவேளையில் வேலிப்பக்கம் வந்து இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்தாள். நூல் அறுந்துவிட்டது. நான் வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டேன்.

ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாதாம். பிள்ளை கூப்பிட்டாள் என்றேன். அவள் சத்தமே போடவில்லையே என்றார்கள். அதற்கு மேல் சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். மறுநாளிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

பிறகு அவளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. என் கை அவளுக்குத் தேவைப்படவில்லை. கூட்டாளிகள் முன்னால் நான் கையை அசைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யப்பா என்று கூப்பிட்டவள் டாட் என்று கூப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அது கதவைத் தட்டுகிற சத்தம் மாதிரி இருக்கும்.

4

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் நாடக வகுப்பில் சேர்ந்தாள். இங்கே அது கணக்கு, அறிவியல் மாதிரி ஒரு பாடம். பரீட்சை உண்டு. மாடசாமியால் நம்பவே முடியவில்லை. நம் ஊரில் நாடகம் பார்க்கப் போனதற்கே அடி வாங்கினோம், அங்கே நடித்தால் மார்க் போடுகிறார்களா என்றான்.

மேடையில் ஏறினால் அவள் வேறு பிள்ளை. வீட்டில் நாலு வார்த்தை. அங்கே நாற்பது பேர் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் நாடகப் பாடத்தை நிறுத்தப் போவதாகச் சொன்னார்கள். படிக்கிற பிள்ளைகள் குறைவாம். இப்போதுள்ள வகுப்போடு சரி. நாடக டீச்சரம்மா பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு தாள் கொடுத்தார். வகுப்பறை மூடினால் என்ன, வெளியே எங்கெல்லாம் நாடகம் கற்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. கயல் அதைப் பார்த்து ஒரு வாரம் அழுதாள். நான் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். போனை வைத்து ஒவ்வொரு வரியாக அர்த்தம் பார்த்தேன்.

நாடகக் கொட்டகைகளில் மாணவர்களுக்கு நின்று பார்க்கிற சீட்டு மலிவாகக் கிடைக்கும், போய்ப் பார் என்று இருந்தது. பஸ் பிடித்து ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் நின்றோம். எனக்குப் பாதி விளங்கவில்லை. தறியில் நின்ற கால், அதனால் வலிக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் வேலை பார், விளக்கு பிடி, திரை இழு என்று இருந்தது. சனிக்கிழமைகளில் சர்ச் பக்கத்து மண்டபத்தில் ஒரு குழு ஒத்திகை பார்க்கும். அதில் அவள் சேர்ந்தாள். நானும் பலகை தூக்கப் போனேன். அவர்கள் திரை ஓரம் பிரிந்து தொங்கியது. ஒவ்வோர் இழையாக எடுத்துத் தறிக்காரன் முடிச்சுப் போட்டு அடைத்தேன். முடிச்சு தெரியவே இல்லை என்று வந்து வந்து பார்த்தார்கள். அன்று கயல், இது என் அப்பா என்று நாலு பேரிடம் சொன்னாள். இங்கிலீஷில்தான் சொன்னாள். இருந்தாலும் சொன்னாள்.

ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்று பொது இடத்தில் உட்கார்ந்து கவனி என்று ஒரு வரி. அவள் பஸ் நிறுத்தத்திலும் சந்தையிலும் நோட்டோடு உட்கார்ந்தாள். மாடசாமியின் சின்ன மகளுக்கும் நடிப்பு ஆசை. அவளுக்கு என்ன வழி என்று கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வளாகத்து மரத்தடியில் கூட்டிப்போய் உட்கார வை, அழுகிறவன், சமாதானம் பேசுகிறவன், பொய்ச்சாட்சி எல்லாரையும் பார்க்கலாம் என்றேன்.

“நல்லாருக்குலே. பொட்டப்பிள்ளைய கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு புத்தி சொல்றதுக்கா பிளேன் ஏறிப் போன?”

ஆனாலும் கூட்டிப்போனான். அந்தப் பிள்ளை வந்து எல்லாரையும் நடித்துக் காட்டியதில் வீடே சிரித்ததாம்.

தாளில் கடைசி வரி, உன் வீட்டிலேயே ஒரு கதை இருக்கும், அதைத் தேடு. இந்த வருடம் தை மாதத்தில் ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு, தறிச் சத்தம் எப்படி இருக்கும் டாட் என்று கேட்டாள். மேசையில் தட்டிக் காட்டினேன். போனில் பதிவு செய்துகொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

5

பெரிய நகரத்தில் இளைஞர் நாடகக் குழு ஒன்று இருக்கிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றபின் இவளுக்கு இருந்த ஒரே வழி அது. தனியாக ஐந்து நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் கடைசி வரிசையில் உட்காரலாம், சத்தம் போடக் கூடாது என்று தாளில் எழுதியிருந்தார்கள். கோமதிக்கு லீவு இல்லை. நான் போனேன். சத்தம் போடவில்லை. சத்தம் போடாமலே கெடுத்தேன்.

மேடையில் ஒன்றும் இல்லை. கயல் கறுப்புச் சட்டையில் வந்து நின்றாள். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. நான் மேசையில் தட்டியது. அதை அடுக்கடுக்காகச் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தாள். தறிச் சத்தமேதான். அங்கே இல்லாத ஒரு தறியில் நூல் தீர்ந்த தாரை மாற்றினாள். பாவு இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தாள். எதிரே இல்லாத ஆளோடு கையால் பேசினாள். இரு என்றாள். முடிச்சுப் போட்டாச்சு என்றாள். மறந்துவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அத்தனையும் அவள் கையில் இருந்தது.

திடீரென்று சத்தம் நின்றது. அவளும் நின்றாள். அசையவில்லை. என்னையே பார்த்தபடி நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அந்த மண்டபம் மறைந்து பள்ளிக்கூட வேலி தெரிந்தது. பிள்ளை கட்டையாக நிற்கிறாள். மறந்துவிட்டாள். யாராவது போக வேண்டும். நான் எழுந்து நின்றேன். இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்தேன். கையைக் கீழே இழுத்தேன். நூல் அறுந்துவிட்டது, நிறுத்து.

அவள் கண்ணால் பார்த்தாள். உடம்பு கேட்டுவிட்டது. கையைத் தொங்கவிட்டு மேடையிலிருந்து இறங்கிவிட்டாள்.

தேர்வு செய்ய முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, மறுபடி ஆரம்பிக்கலாமே என்று இரண்டு தடவை கேட்டார். கயல் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது தமிழில் சொன்னாள்.

“நான் மறக்கல.”

என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கோமதி சாயங்காலம் வந்து கேட்டாள். சொன்னேன். கைப்பையை நாற்காலியில் வைத்தாள்.

“ஒரு அஞ்சு நிமிசம் சும்மா உக்காந்திருக்க முடியலயா ஒங்களால? அம்புட்டுப் பேரும் உக்காந்துதான இருந்தாவ.”

அம்புட்டுப் பேருக்கும் அது நாடகம். எனக்கு என் பிள்ளை. ஆனால் அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் நியாயம் ஆகாது.

6

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தது. வருகைக் குறைவு என்று. நாங்கள் மட்டும் டாக்டரிடம் போனோம். அவர் மனம் விட்டுப் பேச வைக்கிற வைத்தியத்துக்கு எழுதிக் கொடுத்தார். வரிசையில் இருங்கள், கூப்பிடுவார்கள் என்றார்கள். கூப்பிடவில்லை. கோமதி கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவாள். உள்ளிருந்து பதில் வராது. நான் போனால் கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் வரும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று தெரியும்.

பதினைந்தாம் நாள் நாடக டீச்சரம்மா வீட்டுக்கு வந்தார். அவருக்கும் கதவு திறக்கவில்லை. கீழே வந்து என் முன்னால் உட்கார்ந்தார். நாடகத்தில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கரண்டு போகிறது என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையில் கரண்டு போனால் ஒரே அடியாகச் சத்தம் நிற்கும். காது அடைத்த மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் யாருக்கும் பேச வராது. காலையிலிருந்து கையாலேயே பேசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்புறம் யாராவது முதல் வார்த்தையைச் சொல்வார்கள். மெதுவாகச் சொன்னாலே கொட்டகை முழுக்கக் கேட்கும். ஒரு நாள் அப்படிக் கரண்டு போன நேரம் கயல் வாசலில் நின்றிருந்தாள். அன்று அவள்தான் முதலில் பேசினாள். என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

அந்த நாடகத்தில் மொத்தமே ஒரு வரிதான் பேச்சாம். அந்த மௌனத்துக்குப் பிறகு வரும். அது தமிழில் இருந்ததால் டீச்சரம்மாவுக்கு வாசிக்கத் தெரியவில்லை. கயல் கொடுத்திருந்த தாளை என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில் கோணல் மாணலாக, இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி எழுதியிருந்தாள்.

“யப்பா, இப்பக் கேக்குதா?”

டீச்சரம்மா அர்த்தம் கேட்டார். போனில் அடித்துக் காட்டினேன். அவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரிக்குத்தான் அவள் என்னைப் பார்த்து நின்றாள். நான் அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அந்தக் குழுவின் ஆபீசுக்குப் போனேன். என் பெயர், மகள் பெயர், உங்கள் பிள்ளைதானா என்ற கேள்வி. சான்றிதழை நீட்டினேன். அன்று தேர்வு செய்ய உட்கார்ந்திருந்த அதே அம்மா வந்தார். மறுபடி நடிக்க ஒரு படிவம் உண்டு, பெற்றோர் காரணம் எழுத வேண்டும் என்றார். காரணம் என்று ஒரு கட்டம். போனை வைத்து மொழிபெயர்த்து எழுதினேன். என் மகள் மறக்கவில்லை. நான் தறி ஓட்டியவன். நான் நிறுத்து என்று காட்டினேன், அவள் நிறுத்தினாள். தவறு என்னுடையது.

அந்த அம்மா இரண்டு தடவை வாசித்தார். எங்களுக்கும் அவள் நடிப்பை முழுதாகப் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் பிள்ளை கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள். அதற்கு மேல் பட்டியலை மூடிவிடுவார்கள். பெற்றோர் ஆசைக்காகப் பிள்ளையை மேடை ஏற்ற மாட்டார்கள். அது சரிதான்.

படிவத்தைக் கதவுக்கு அடியில் தள்ளினேன். மூன்று நாள் ஆகிறது. ஓரம் இன்னும் வெளியே தெரிகிறது. நான் விட்ட இடத்திலேயே கிடக்கிறது.

7

இதுவரை எழுதியது சமையலறை மேசையில். மீதியை ரோட்டில் வைத்து எழுதுகிறேன்.

மத்தியானம் மாடசாமி போன் செய்தான். கட்டுரை முடிந்ததா என்றான். நடந்ததைச் சொன்னேன். அவன் கேலி பேசவில்லை.

“ஏலே கருப்பா, நிறுத்துன்னு காட்டினவன்தானடா திரும்ப ஓட்டுன்னும் காட்டணும்? நீ காட்டுனியா?”

காட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று வாயாலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிச்சுக்கோ, சாப்பிடு, கதவைத் திற. எல்லாம் வாய்ப்பேச்சு.

வெளியே வந்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தம். அங்கே நின்றால் அவள் ஜன்னல் தெரியும். திரை மூடியிருந்தது. நிறுத்தத்தில் ஒரு கிழவர் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலைப் பார்த்து விரல்களை உரசினேன். முடிச்சுப் போட்டாச்சு. கையை முன்னால் தள்ளினேன். ஓட்டு. பிறகு காதைத் தொட்டேன். விளங்கிவிட்டது.

கிழவர் பையை நகர்த்தி வைத்துக்கொண்டார். அவருக்கு பஸ் வந்தது. போனார். நான் மறுபடி காட்டினேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இரண்டு பஸ் டிரைவர்கள் எனக்காக நிறுத்தி, நான் ஏறாததைக் கண்டு ஏதோ சொல்லிப் போனார்கள். எதிர்வீட்டம்மா ஜன்னலில் வந்து நின்றார். அவர் யாரையாவது கூப்பிட்டால் கூப்பிடட்டும், சான்றிதழ் பையில் இருக்கிறது.

மூன்றே கால் மணி இருக்கும். திரை ஓரம் விலகியது. முகம் முழுதாகத் தெரியவில்லை. தலை வாராமல் இருந்தாள். மெலிந்திருந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து காட்டினேன். முடிச்சுப் போட்டாச்சு. ஓட்டு. கேட்டது. கடைசியில் விரல் காதிலேயே நின்றுவிட்டது. இறக்கத் தோன்றவில்லை.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அன்று மேடையில் நின்ற மாதிரியே அசையாமல் நின்றாள். இந்தத் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. என் கை என் காதிலேயே இருந்தது.

பிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள்.

இரு.

திரை விழுந்தது. அவ்வளவுதான். அவள் கீழே வரவில்லை. ஐந்து மணிக்கு கோமதி பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். இருக்கச் சொல்லியிருக்கிறாள் என்றேன். கோமதி மாடியைப் பார்த்தாள். உள்ளே போய் இந்த நோட்டையும் ஒரு போர்வையையும் கொண்டுவந்து கொடுத்தாள். படிவம் என்று ஏதோ கேட்கப் போனேன். அவள் தெரியாது என்று தலையை ஆட்டினாள். மாடிக்கு இன்னும் போகவில்லையாம். போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறதாம்.

நாளைக்கு ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது.

இருக்கிறேன்.